தோட்டத்துக்கு வருகிறவர்கள் போனில் திரும்பத் திரும்பக் கேட்பவை

கடையத்துக்கு மேற்கே, பொதிகை மலை அடிவாரத்தில் 14 ஏக்கரில் நாங்கள் 26 பேர் சேர்ந்து குடியிருக்கிறோம். ஊர்க்காரர்களுக்கு இது வெறும் 'தோட்டம்'. வெளியூர்க்காரர்கள் 'சூழல் கிராமம்' என்கிறார்கள். பார்க்க வருகிறவர்களின் போனை எடுப்பது என் பொறுப்பு. ஒன்பது வருடமாக ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஏம்மா, அது ஆசிரமமா, ஹோமா, ரிசார்ட்டா? வீட்டுல எதுன்னு சொல்லிட்டு வர?

மூன்றும் இல்லை. குரு கிடையாது, வார்டன் கிடையாது, ரூம் சர்வீஸும் கிடையாது. 26 பேரில் 11 பேர் மாற்றுத்திறனாளிகள். பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், என் தம்பியைப் போல அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். மிச்ச 15 பேரும் அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் இங்கே குடியிருப்பவர்கள். எல்லாருக்கும் வேலை உண்டு, மாசக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரு ஓட்டு உண்டு. தொழுவத்தைப் பார்க்கிற அண்ணனுக்குக் கண் தெரியாது. மாடு அசைபோடுகிற சத்தத்தை வைத்தே எதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

வீட்டில் "கடையத்துப் பக்கம் தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இது நீங்களா யோசிச்சதா, இல்ல வெளிநாட்டுல பாத்துட்டு வந்து செஞ்சதா?

இரண்டும் கலந்ததுதான். ஐஸ்லாந்தில் சோல்ஹெய்மர் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1930-ல் செசெல்யா என்ற பெண் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் நூறு பேர் அளவில் அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள், ரசாயனம் போடாமல் விவசாயம் செய்கிறார்கள், பூமிக்கடியிலிருந்து வருகிற வெந்நீரில் வீட்டையும் பசுமைக்குடிலையும் சூடாக்கிக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்தில் கார்ல் கோனிக் என்ற குழந்தை மருத்துவர், ஹிட்லருக்குத் தப்பி வந்த அகதி, 1940 வாக்கில் கேம்ப்ஹில் என்ற பெயரில் இதே போன்ற குடியிருப்பைத் தொடங்கினார். நம் பக்கம் விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில், 1968.

ஆனால் அவ்வளவு தூரம் போவானேன்? இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஆய்க்குடி. கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். படுத்த படுக்கையாக இருப்பவர் ஒரு நிறுவனத்தையே நடத்த முடியும் என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் ஐஸ்லாந்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. பக்கத்து ஊரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

திருநெல்வேலியில இருந்து எப்படி வரணும்?

திருநெல்வேலி–செங்கோட்டை ரயிலில் ஏறினால் கீழக்கடையத்தில் இறங்கலாம். சேரன்மகாதேவி தாண்டியதும் இடது பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள், மலை கூடவே வரும். பஸ் என்றால் அம்பாசமுத்திரம் வந்து, அங்கிருந்து தென்காசி போகிற வண்டியில் கடையம். அங்கிருந்து ஆட்டோ. "மலையடித் தோட்டம்" என்றால் ஆட்டோ அண்ணன்மாருக்குத் தெரியும். மாவட்டம் இப்போது தென்காசி, 2019-ல் பிரித்துவிட்டார்கள். பேச்சில் நாங்கள் இன்னும் திருநெல்வேலிக்காரர்கள்தான்.

எந்த மாசம் வந்தா நல்லாருக்கும்?

ஆனி, ஆடி. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறபோது இங்கேயும் காற்றில் ஈரம் இருக்கும். கார் போக நெல் நடவும் அப்போதுதான், வயலில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு வேலை இருக்கும். ஐப்பசியில் அடுத்த போகம், பிசான நடவு. சித்திரையில் வராதீர்கள் என்றுதான் சொல்வேன். வந்துதான் தீருவேன் என்றால் பதநீர் கிடைக்கும், அது ஒன்றுதான் ஆறுதல்.

கார்த்திகை, மார்கழியில் வருவதாக இருந்தால் கிளம்புகிற அன்று காலையில் ஒரு போன் போட்டுவிடுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதே, அந்த வாரம் எங்கள் ஓடையும் ரோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. விருந்தாளியாக வந்த இரண்டு பேர் ஐந்து நாள் இங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. போகும்போது முறுக்குப் பிழியக் கற்றுக்கொண்டு போனார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?

சாப்பாட்டோடு 400 ரூபாய். கூட வருகிற உதவியாளருக்குக் கட்டணம் கிடையாது. முடியாதவர்கள் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம்.

சாப்பாடு எப்படி? கறி மீன் உண்டா?

முட்டை உண்டு. கறி, மீன் எங்கள் அடுப்பில் கிடையாது. இதில் ஆசாரம் ஒன்றும் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லாததுதான் காரணம். காலையில் கருப்பட்டிக் காபி. மத்தியானம் சோறும் குழம்பும், கிடைத்த கீரையும். சனிக்கிழமை உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், அன்றைக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆள் வந்துவிடும். சொதி வேண்டும் என்று கேட்காதீர்கள். தேங்காய்ப் பால் எடுக்க அரை நாள் போகும். மறுவீட்டு மாப்பிள்ளை யாராவது வந்தால் பார்க்கலாம்.

தப்பா எடுத்துக்காதீங்க, அங்க எந்த ஆளுக அதிகம்?

தப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். இதையே "உங்க பூர்வீகம் எந்தப் பக்கம்", "குலதெய்வம் எது" என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்களும் உண்டு. திருநெல்வேலியில் பிறந்தவளுக்கு அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தெரியாதா? எல்லாரும் இருக்கிறோம். ஒரே அடுப்பு, ஒரே பந்தி. சமைப்பவர் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் இலையில் உட்காருவேன் என்கிறவருக்கு இங்கே இலை போட மாட்டோம்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிற வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் கட்டியிருக்கிற கலர் கயிறுகளை வாசலிலேயே கழற்றிவிடச் சொல்லுங்கள். "கோயில் கயிறு டீச்சர்" என்பார்கள். எந்தக் கலர் எந்தத் தெரு என்று எங்களுக்கும் தெரியும்.

கக்கூஸ் எப்படி? வெஸ்டர்ன் உண்டா?

எல்லாரும் மெதுவான குரலில் கேட்கிற கேள்வி இது. உட்காருகிற மாதிரியும் உண்டு, குத்த வைக்கிற மாதிரியும் உண்டு. இரண்டுமே தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறை. ஒரு தடவை ஃப்ளஷ் செய்தால் ஆறிலிருந்து பத்து லிட்டர் நல்ல தண்ணீர் போய்விடும். சித்திரையில் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தவர் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்.

உள்ளே மூன்று வழி இருக்கும். முன்னால் சிறுநீருக்கு, நடுவில் மலத்துக்கு, பின்னால் கொஞ்சம் தள்ளிக் கழுவிக்கொள்ள. மூன்றும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். நாற்றம் என்பது ஈரம் சேர்வதால் வருவது. போய் முடித்ததும் பக்கத்தில் இருக்கிற வாளியிலிருந்து இரண்டு கை அடுப்புச் சாம்பலை நடுக்குழியில் போட்டு மூடியை வையுங்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஈ வராது. கீழே இரண்டு தொட்டி இருக்கிறது. ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறப்போம். மூடிய தொட்டியை ஒரு வருடம் தொட மாட்டோம். திறக்கும்போது கருப்பு மண்தான் இருக்கும், வாசனை கூட மழை பெய்த மண் வாசனைதான். அதை மரங்களுக்கு மட்டும் போடுகிறோம், கீரைக்குப் போடுவதில்லை. சிறுநீரைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வாழைக்கு விடுகிறோம். திருச்சிப் பக்கம் முசிறியில் இது பல வருடமாக நடக்கிறது, நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

முதல் நாள் முகம் சுளிப்பவர்கள் மூன்றாம் நாள் "எங்க வீட்டுல போட எவ்வளவு ஆகும்" என்று கேட்பார்கள். என் அம்மா மட்டும் விதிவிலக்கு. வந்த அன்று சாயங்காலமே பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

சோப்பு, ஷாம்பு கொண்டு வரலாமா?

வேண்டாம். குளியலறைத் தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாகப் போய், பிறகு தென்னைக்குப் பாய்கிறது. அதில் ஷாம்பு போகக் கூடாது. சீயக்காயும் பயத்தமாவும் குளியலறையில் இருக்கும், துணிக்குப் பூந்திக்கொட்டை. தோல் நோய்க்கு மருந்து சோப்பு போடுகிறவர்கள் சொல்லுங்கள், அந்தத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடலாம்.

கரண்ட் உண்டா? ஃபேன் இல்லாம எனக்குத் தூக்கம் வராது

சோலார்தான். ஃபேன் உண்டு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இந்தப் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் ஓடிவிடும். அதனால் பேட்டரி விடியும் வரை தாங்கும். ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் கொண்டு வராதீர்கள், தாங்காது. ஒருவர் மின்சாரக் கெட்டில் கொண்டு வந்து ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டார். எல்லார் வீட்டிலும் இருட்டு. சக்கர நாற்காலி மோட்டாரை சார்ஜ் போடுகிற அண்ணன் மறுநாள் மத்தியானம் வரை அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. போனில் சிக்னல் சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்னால் இருக்கிற வேப்ப மரத்தடியில் கிடைக்கும். சாயங்காலம் அங்கே ஒரு கூட்டமே நிற்கும்.

எங்க அப்பா வீல்சேர்ல இருக்காங்க. கூட்டிட்டு வர முடியுமா?

முடியும். எல்லாக் கட்டடத்துக்கும் சாய்தளம் உண்டு. ஒரு அடி ஏற 12 அடி நீளம், அந்தக் கணக்கில் கட்டியது. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டிவரும். சொந்தக் கையால் ஏற முடியாவிட்டால் சாய்தளம் எதற்கு? கதவுகள் மூன்று அடி அகலம். மேலே சொன்ன கழிப்பறைகளில் இரண்டில் கைப்பிடி போட்டிருக்கிறோம். ஓடைப் பக்கம் மட்டும் நாற்காலி போகாது, பாறை. அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் மனசு சங்கடப்படும்.

பார்வை இல்லாதவர்களுக்கு இடுப்பு உயரத்தில் தென்னங்கயிறு கட்டியிருக்கிறோம். விடுதியிலிருந்து ஒரு கயிறு கிளம்பி மூன்றாகப் பிரியும். பிரிகிற இடத்தில் ஒரு முடிச்சு இருந்தால் சாப்பாட்டுக் கூடம், இரண்டு முடிச்சு இருந்தால் கழிப்பறை, மூன்று என்றால் தொழுவம். முடிச்சு போட்டது தொழுவத்து அண்ணன்தான். கண் தெரிகிறவர்களும் ராத்திரியில் டார்ச் மறந்தால் இதைத்தான் பிடித்து நடக்கிறோம். தயவுசெய்து அதில் துணி காயப்போடாதீர்கள். ஒருவர் ஈர வேட்டியைப் போட்டு, இரண்டு முடிச்சும் அதற்குள் மறைந்து, அண்ணன் நேராகச் சாணிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.

அவங்ககிட்ட எப்படிப் பேசணும்? ஏதாவது தப்பாப் பேசிருவோமோன்னு பயமா இருக்கு

பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் தப்பாகப் பேசுவதில்லை. "உச்" கொட்டுகிறவர்கள்தான் பேசுவார்கள். "பாவம்" என்ற சொல்லை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள், போகும்போது எடுத்துக்கொள்ளலாம். நாற்காலியில் இருப்பவரிடம் கேட்க வேண்டியதைப் பின்னால் நிற்பவரிடம் கேட்காதீர்கள். காது கேளாதவரிடம் கத்தாதீர்கள். அவர் முகத்துக்கு நேரே நின்று மெதுவாக வாயசைத்தால் போதும்.

என் தம்பிக்கு 38 வயசு. கன்னத்தைக் கிள்ளி "செல்லம் சாப்டுச்சா" என்று கேட்டவர்கள் உண்டு. அவன் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடுகிறவன், அதற்குக் கூலி வாங்குகிறவன். "என்ன அண்ணாச்சி, தண்ணி விட்டாச்சா" என்று கேட்டுப் பாருங்கள், நாற்றங்காலைச் சுற்றிக் காட்டுவான். தினசரி காலண்டர் கிழிப்பதும் அவன் பொறுப்பு. யாரையும் கிழிக்க விட மாட்டான்.

எங்க பையன் பிறந்தநாளுக்கு அங்க உள்ளவங்களுக்கு ஒரு நேரம் சாப்பாடு போடணும்னு ஆசை

நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. அப்பா திதிக்கும் கேட்கிறார்கள், கல்யாண நாளுக்கும் கேட்கிறார்கள். ஆனால் பாயசத்தோடு வேனில் வந்து இறங்கி, எங்களை வரிசையில் உட்கார வைத்து, பையன் கையால் ஆளுக்கு ஒரு கரண்டி போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவது இங்கே கிடையாது. இதை நான் போனில் சொன்னால் கோபப்பட்டு வைத்துவிடுவார்கள். "சாப்பாடு வேண்டாமா? அவ்வளவு திமிரா" என்று ஒருவர் கேட்டார். எங்கள் சோற்றை நாங்கள் விளைவிக்கிறோம், குறைவதை வாங்குகிறோம்.

வேறு வழி இருக்கிறது. முதல் நாளே வாருங்கள். காய் நறுக்க உட்காருங்கள். எங்கள் சமையலக்கா சொல்கிற அளவுக்கு உப்புப் போடுங்கள், அவருக்கு ஒரு கைதான், ஆனால் அளவு தப்பாது. எல்லாரும் சேர்ந்து பரிமாறி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். பாத்திரமும் சேர்ந்துதான் கழுவ வேண்டும். அப்படி வந்த ஒரு குடும்பத்துப் பையன் மூன்று வருடமாகப் பிறந்தநாளுக்கு இங்கேதான் வருகிறான்.

நாங்க வேலை செய்யணுமா? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே

காலையில் இரண்டு மணி நேரம். யாராவது ஒருவரோடு சேர்த்துவிடுவோம், அவர் சொல்லிக்கொடுப்பார். சில சமயம் அவர் பேச மாட்டார், கையால்தான் காட்டுவார். 'உதவி செய்ய' வந்தவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாக இருக்கும், ஏனென்றால் முதல் வாரம் முழுக்க உங்களுக்குத்தான் உதவி தேவைப்படும்.

போட்டோ, ரீல்ஸ்?

மலையை எடுங்கள், மாட்டை எடுங்கள். ஆளை எடுப்பதென்றால் அந்த ஆளிடமே கேளுங்கள். என்னிடம் கேட்டால் போதாது.

எல்லாமே நீங்களே விளைவிக்கிறீங்களா? இல்லன்னா அப்புறம் என்ன சூழல் கிராமம்?

இல்லை. நெல், காய், கீரை, பால், தேங்காய் எண்ணெய் எங்களுடையது. உப்பு தூத்துக்குடி, பருப்பு கடை, பாய் பத்தமடை. மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டால் கேஸ் சிலிண்டர்தான். ஒரு பழைய பைக் பெட்ரோலில்தான் ஓடுகிறது, ராத்திரி யாருக்காவது வலிப்பு வந்தால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டிருக்க முடியாது. பிளாஸ்டிக் வேண்டாம் என்கிற நாங்களே சிறுநீர்ப் பை, கதீட்டர், மருந்து அட்டை எல்லாம் பிளாஸ்டிக்கில்தான் வாங்குகிறோம். வளைகிற ஸ்ட்ரா இல்லாமல் தண்ணீர் குடிக்க முடியாதவர் ஒருவர் இங்கே இருக்கிறார். அவரிடம் போய் மூங்கில் ஸ்ட்ராவைப் பற்றி வகுப்பெடுக்காதீர்கள். ஏற்கெனவே ஒருவர் எடுத்துவிட்டார்.

கரடி வருமாமே?

வரும். நாங்கள் இருப்பது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரம். பலாவும் தேனும் இருக்கிற மாசத்தில் கரடி இறங்கும், பன்றி வருடம் முழுக்க வரும். இருட்டிய பிறகு வேலி தாண்டக் கூடாது, தனியாக ஓடைக்குப் போகக் கூடாது. கூடத்தில் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டால் அறைக்குள் போய்விடுங்கள். காது கேளாதவர்களின் அறையில் அதற்காக ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. யானை வந்தது இரண்டே தடவை. வாழையைத் தின்றுவிட்டு, சாய்தளம் வழியாக மரியாதையாக இறங்கிப் போனது.

எங்களுக்கு அப்புறம் எங்க பிள்ளைய யாரு பாப்பா? உங்ககிட்ட சேத்துக்கிடுவீங்களா?

மற்ற கேள்விகளெல்லாம் கேட்டு முடித்து, போனை வைக்கப் போகிற நேரத்தில் இது வரும். பல பேர் இதற்காகவேதான் போன் செய்திருப்பார்கள். எங்கள் அப்பாவும் கடைசி வரை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: இங்கே 'சேர்ப்பது' இல்லை. குடிவர விரும்புகிறவர் தானே பல தடவை வந்து தங்கி, இங்கே உள்ளவர்களுக்கு அவரையும் அவருக்கு இவர்களையும் பிடித்தால்தான். ஒரு வருடம் கூட ஆகலாம். பெட்டியோடு வந்து விட்டுவிட்டுப் போகிறேன் என்றால் எங்களால் முடியாது. எங்களிடம் இப்போது காலி வீடும் இல்லை.

ஆனால் காத்திருக்கிற நேரத்தில் செய்ய வேண்டியவை உண்டு, அவற்றைப் பாதிப் பேர் செய்வதில்லை. முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான் இருந்தது, 2016 சட்டத்தில் 21 ஆகிவிட்டது. முன்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி போய்ப் பாருங்கள். அடுத்தது பாதுகாவலர். பிள்ளைக்கு 18 வயசு ஆகிவிட்டால் சட்டப்படி பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழுவில் விண்ணப்பிக்கலாம். கலெக்டர் தலைமையில் நடப்பது அது. இதே நான்கு வகையினருக்கு 'நிராமயா' மருத்துவக் காப்பீடும் உண்டு, ஒரு லட்சம் ரூபாய் வரை. எங்கள் அப்பா பாதுகாவலர் மனுவை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுவிட்டார். அவர் போன பிறகு தம்பி பேரில் இருந்த பேங்க் பணத்தை எடுக்க நான் பதினான்கு மாசம் அலைந்தேன்.

வந்துட்டுப் போனப்புறம் மறுபடியும் வரலாமா?

வரலாம். ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை போன் எடுக்க மாட்டேன், தூங்குவேன்.

ஒன்றே ஒன்று. கிளம்பும்போது என் தம்பி வாசல் வரை வந்து "அடுத்து எப்ப?" என்று கேட்பான். பேச்சுக்கு "அடுத்த மாசம் வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிடாதீர்கள். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். தேதி சொன்னால் காலண்டரில் அந்தத் தாளில் அவன் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பான். அன்றைக்கு மட்டும் தாளைக் கிழிக்காமல் ராத்திரி வரை அப்படியே வைத்திருப்பான்.